அறிதலும் அறியாதிருத்தலும்

தன் எதிர்காலத்தை மனிதன் முன்கூட்டியே அறிந்துகொள்வது நன்மையா, தீமையா என்ற வினா மிகப் பழையது. சாதகக் குறிப்பை நம்பியிருந்த காலத்தில் அவ்வினாவுக்கு அத்துணைக் கூர்மை இருக்கவில்லை; சோதிடர் வாக்குப் பலிப்பதும் பொய்ப்பதும் தற்செயலே. இன்றோ, சிற்சில நோய்களைப் பொறுத்தவரை விஞ்ஞானம் உறுதியாகவே வருவதுரைக்கும் வல்லமை பெற்றுவிட்டது.

ஹன்டிங்டன் நோய் இதற்குத் தக்க உதாரணம். 1872ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் அமெரிக்க வைத்தியர் இதனை விவரித்து எழுதினார். மூளையின் நரம்புக் கலங்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் அரிய நோய் இது. பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டுகிறது. கைகால்கள் வசமிழந்து ஆடும், சிந்தனை தளரும், மனநிலை மாறும். தோன்றிய பின் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளுள் உயிரைக் கொள்ளும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதியாகும். உழைக்கும் மக்களுக்காகப் பாடிய வூடி கத்ரி 1967இல் மாண்டது இந்நோயினாலேதான்.

வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரையில் வாழும் வறிய குடும்பங்களிடையே இந்நோய் மிகுதியாக இருப்பதை, அந்நாட்டு வைத்தியர் அமெரிக்கோ நெக்ரெற்றே 1950களில் எடுத்துரைத்தார். தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்சி வெக்ஸ்லர் 1979 முதல் அங்கு சென்று ஆய்வு நடத்தினார். 18,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட வமிசாவளி தொகுக்கப்பட்டது. அம்மக்கள் ஈந்த குருதியின் பெருந்துணையால், 1983இல் நோயின் இருப்பிடம் 4ஆம் நிறமூர்த்தம் எனப் புலனாயிற்று. 1993இல் அதற்குரிய பரம்பரையலகும் கண்டறியப்பட்டது. அப்பரம்பரையலகில் மூன்றெழுத்துத் தொடரொன்று மீண்டும் மீண்டும் வருகிறது. அது 40 தடவையோ அதற்கு மேலோ வருமாயின், இயல்பான ஆயுள் வரை வாழ்பவரை நோய் பற்றியே தீரும்.

இதனை நவீன ஊழ் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படலாகாது. தொடர் நீளுந்தோறும் நோய் இளமையிலேயே தோன்றுவது உண்மை. ஆயினும் ஒரே எண்ணிக்கை உடைய இருவரிடையே நோய் தோன்றும் வயது பல ஆண்டுகள் வேறுபடக்கூடும். எண்ணிக்கையால் விளக்கமுறாத அவ்வேறுபாட்டில் நூற்றுக்கு 40 பங்கு ஏனைய பரம்பரையலகுகளையும், 60 பங்கு சூழலையும் சார்ந்தவை என 2004இல் வெளியான வெனிசுவேலா ஆய்வு மதிப்பிட்டது. ஊழுக்குக் காரணம் கேட்க இயலாது. நோய்க்குக் காரணம் கேட்கலாம், கேட்டு மாற்றவும் முயலலாம். மேலும், புள்ளிவிபரம் கூட்டத்தைப் பற்றிப் பேசுவது. தனியொருவரின் நாட்களை அது எண்ணித் தருவதில்லை.

எனினும் அறநெருக்கடி இத்துடன் தீரவில்லை. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் நோயுற்றிருக்கிறார். தந்தையார் பரிசோதனை வேண்டாம் என்கிறார். 25 வயது மகளோ திருமணத்துக்கு முன் உண்மையை அறிய விரும்புகிறாள். அவள் குருதியில் விகாரம் காணப்படின், தந்தைக்கும் அது உண்டென்பது அக்கணமே தெளிவாகிவிடும். யாருடைய உரிமை பெரிது?

மகளுடையதே என்பது நமது கருத்து. தந்தைக்குள்ளது தமக்குச் சொல்லப்படாதிருக்கும் உரிமை. பிறரை இருளில் வைத்திருக்கும் உரிமையன்று. பிள்ளை பெறுவதா என்ற தீர்மானம் மகளின் கையில் இருக்கையில், அதற்கு வேண்டிய அறிவை அவளுக்கு மறுப்பது அநீதி. ஆனால் அறிந்தவளுக்கு ஒரு கடமையும் சேர்ந்தே பிறக்கிறது. தந்தை கேளாத விடையை முகக்குறிப்பாலும் அவருக்கு உணர்த்தாதிருத்தலே அது. இச்சுமையை அவள் தனித்துச் சுமக்கும்படி விடுவது சமுதாயத்துக்கு இழுக்கு.

நோய் வரும் ஆபத்திலுள்ளோரில் பெரும்பான்மையோர் பரிசோதனையை நாடுவதில்லை. அதைக் கோழைத்தனம் என்பது கொடுமை. நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. பரிசோதனைக்கு வழிகோலியவர்களில் ஒருவரான வெக்ஸ்லரே தமக்கும் இந்நோய் உண்டென்பதை 2020இல்தான் பகிரங்கமாகக் கூறினார். அச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. முதலாளியும் காப்புறுதிக் கம்பெனியும் இவ்வறிவைத் தம் கணக்கேட்டில் எழுதிக்கொள்ள விரும்புவர். ஐக்கிய அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலும் சுகாதாரக் காப்புறுதியிலும் இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆயுட் காப்புறுதியை அது தீண்டவில்லை. மனிதரை இலாபநட்டமாக எடைபோடும் அமைப்பில் அறியாமையே சிலருக்குக் கவசமாகிவிடுகிறது.

எனவே அறிதல் நன்றா என்ற வினாவைத் தனிமனிதரிடம் மட்டும் கேட்பது முறையாகாது. அறிந்தவரை வேலையிலிருந்து நீக்காத, நோயுற்றவரைக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டாத சமுதாயத்தில்தான் அவ்வினாவுக்குச் சுதந்திரமான விடை கிடைக்கும். ஏரிக்கரை மக்கள் கொடுத்த குருதியால் உலகெங்கும் பரிசோதனைக்கு வழி பிறந்தது. அவர்களுட் பலர் இன்னும் வறுமையிலேயே உழல்கின்றனர். நாளை மருந்தொன்று கிடைக்குமாயின், அதன் முதற் குளிகை எவ்வூருக்குச் செல்கிறது என்பதைக் கொண்டே இவ்வறிவின் அறத்தை நாம் அளத்தல் வேண்டும்.