அவைக்கு அஞ்சாத ஆய்வே அறம்

2023-ஆம் ஆண்டில் மட்டும் ஹிந்தாவி ஆய்விதழ்களில் வெளியான 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அதன் உரிமையாளரான வைலி நிறுவனம் திரும்பப் பெற்றது. ஒரு கட்டுரை அச்சேறுமுன் அதே துறை அறிஞர்கள் அதைப் படித்துத் தகுதி சொல்லும் சக ஆய்வாளர் மதிப்பாய்வே அங்கே விலைபோயிருந்தது. அக்கட்டுரைகளை எழுதியவர்களில் இந்தியரும் கணிசமானவர்கள். பட்டத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் மதிப்பாய்வைக் குறுக்கு வழியில் கடப்பது பிழைப்பா, பிழையா என்ற கேள்வி நம் கல்லூரிகளின் வாசலுக்கே வந்துவிட்டது. இதில் தயங்க ஒன்றுமில்லை. அது பொய், அறிவின் பெயரால் சொல்லப்படுவதால் மற்றப் பொய்களைவிடக் கொடிய பொய்.

அவையின் முன் நூலை வைத்துச் சோதிப்பதை மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தரவில்லை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அந்நூலைக் கேட்கவே வேண்டாம் என்று அகத்தியர் தடுத்ததாகவும், குற்றம் காணும் எண்ணத்தோடே ஆசான் கேள்விகளை அடுக்கியதாகவும், அத்தனைக்கும் தொல்காப்பியர் விடை சொன்னதாகவும் நச்சினார்க்கினியர் உரைக்கிறார். நட்பான நடுவரைத் தேடிப் போகவில்லை அந்தப் புலவர். இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டபோது, மெய்யுரை எது என்று தேர்ந்தவன் உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவன். யாருக்கும் வேண்டியவனல்லாத, யாருக்காகவும் பரிந்து பேச இயலாத ஒருவனை நடுவனாக வைத்ததில் எத்தனை நுட்பம்! இறைவனே எழுதிய பாட்டானாலும் குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரரைத் திருவிளையாடற் புராணம் காட்டுகிறது. கம்பரும் தம் காவியத்தைத் திருவரங்கத்து அவையில் வைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் வகுத்துச் சொல்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கும் வாய்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவையறிதலையும் அவையஞ்சாமையையும் அடுத்தடுத்து வைத்தார். அவையை மதிக்கவும் வேண்டும், அதற்கு அஞ்சாதிருக்கவும் வேண்டும் என்பதே முன்னோர் காட்டிய நெறி.

இந்த நெறி தவறினால் யார் கெடுவார்கள் என்பதைத் திருப்பூரில் நின்று பார்த்தால் தெரியும். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பாசன நிலங்கள் உப்பேறிய கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே வேலையின்றி நின்றது. அத்தகைய ஊரின் பெயரை முன்னுரையில் போட்டு, ஏதோ ஒரு விதைத் தோலின் கரி சாயத்தை அகற்றிவிடும் என்று முடிக்கும் கட்டுரை எளிதில் எழுதப்படுகிறது. ஆனால் அந்தச் சோதனை நடப்பதோ, காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து! பருத்தித் துணிக்கு இங்கே ஏற்றுவதோ வேறு வகையான வினைச்சாயம். அதோடு உப்பும் மிகுதியாகச் சேர்கிறது. நிறம் போனாலும் உப்பு போகாது. அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர் சவ்வூடு பரவலுக்கும் ஆவியாக்கும் கலன்களுக்கும் செலவழிக்கின்றன. ‘பட்டறைக் கழிவுநீரிலேயே சோதித்தீர்களா? உப்பை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும் ஒரு நேர்மையான மதிப்பாய்வாளர் போதும், அந்தக் கட்டுரை திருந்திவிடும். அவரை விலக்கிவிட்டு அச்சேறும் வரி, நாளை ஒரு திட்ட அறிக்கையில் சான்றாக நிற்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வராமல் பெட்டியேறிய சரக்கு ஒரு ஆர்டரைத்தான் கெடுக்கும்; செக்கிங் இல்லாத ஆய்வு ஆற்றையே கெடுக்கும்.

மறுதரப்புக்கும் ஒரு சொல் உண்டு. முதல் தலைமுறையாகப் படித்து வந்தவருக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது சுமைதான். மதிப்பாய்வாளர்களும் சில வேளை பாரபட்சம் காட்டுகிறார்கள். ஆனால் சுமை பொய்க்கு உரிமம் ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது; 2022-இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியையும் தளர்த்தியது. 2025 பிப்ரவரியில், தகுதியான இதழ்களைச் சொல்லும் அதன் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. இனி நல்ல இதழ் எது என்று அறியும் பொறுப்பு நம்முடையது. பட்டியலைக் காட்டித் தப்பிக்கும் வழியும் அடைபட்டது.

ஆகவே ஆய்வாளர் செய்ய வேண்டியவை தெளிவானவை. சோதனைத் தரவை மறைக்காமல் வையுங்கள். எழுப்பப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் வரிசையாக விடை எழுதுங்கள். உடன்பாடில்லையெனில் சான்றோடு மறுத்துச் சொல்லுங்கள். நிராகரிப்பை அவமானமாகக் கொள்ளாமல் திருத்தி, இன்னொரு நல்ல இதழுக்கு அனுப்புங்கள். மதிப்பாய்வாளராக நண்பரின் பெயரையோ போலி முகவரியையோ தராதீர்கள். 2014-இல் சேஜ் நிறுவனம் ஒரே இதழிலிருந்து 60 கட்டுரைகளை நீக்கியது இத்தகைய போலி முகவரிகளால்தான். மதிப்பாய்வு செய்பவரோ, தமக்கு வேண்டியவரின் கட்டுரை வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாதவரின் கட்டுரையானால் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும். எண்ணிக்கை கேட்டு மாணவரை விரட்டும் நெறியாளரும் நிர்வாகமும் அந்தப் பொய்யில் பங்காளிகளே. ஒரு நல்ல கட்டுரைக்கு இரண்டாண்டு ஆனால் ஆகட்டும். மெய்யான ஒரு கட்டுரையை எழுதியவரே ஆய்வாளர். பொய்யாய் ஐம்பது எழுதியவர் அந்தப் பெயருக்கு உரியவரல்லர்.