கப்பலில் ஏறாதவர்கள்

காஞ்சிபுரத்தில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்ன இலக்கியக் கூட்டம். மொத்தம் இருபது பேர் இருக்கலாம். என் கவிதைகள் நாலைந்தை வாசித்து உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் எழுந்தார். நல்ல மனிதர், எங்கள் எழுத்தின்மேல் பிரியம் உள்ளவர். "வேகம் இருக்கும்மா. ஆனா மரபைத் தெரிஞ்சுக்கிட்டு மீறணும். மாயகோவ்ஸ்கி புஷ்கினைத் தூக்கி எறிஞ்சாருன்னா, புஷ்கினைக் கரைச்சுக் குடிச்சிட்டுதான் எறிஞ்சாரு" என்றார்.

நான் தமிழ் எம்.ஏ. காரிகையும் நன்னூலும் பரீட்சைக்காகவாவது நெட்டுருப் போட்டவள். எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூரத்துக்கு பஸ் ஏறின பிறகு, அவர் எடுத்துப்போட்ட உதாரணம்தான் உறுத்திக்கொண்டே வந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. 1912இல் மாயகோவ்ஸ்கி, க்ளேப்னிகோவ், புர்லியூக், க்ருச்சோனிக் என்று நாலு இளைஞர்கள் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். பொது ரசனையின் கன்னத்தில் ஓர் அறை என்பது அதன் தலைப்பு. புஷ்கின், தஸ்தாயெவ்ஸ்கி, தல்ஸ்தோய் எல்லோரையும் நவீன காலம் என்கிற நீராவிக் கப்பலிலிருந்து கடலில் தள்ளச் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1924இல், புஷ்கின் பிறந்து 125 ஆண்டு ஆனபோது, இதே மாயகோவ்ஸ்கி ஒரு கவிதை எழுதினார். அதில் புஷ்கினைச் சிலைப் பீடத்திலிருந்து இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பேசுகிறார். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு போன பிள்ளை திரும்பி வந்து திண்ணையில் உட்காருவது மாதிரி. மாயகோவ்ஸ்கி ஒன்றும் பணக்கார வீட்டுப் பிள்ளையில்லை, காட்டிலாகா ஊழியரின் மகன், தகப்பன் செத்தபின் குடும்பம் வறுமையில் விழுந்தது. ஆனாலும் அவருக்குக் கப்பலில் இடம் இருந்தது. மேல்தளத்தில் நிற்கிறவன்தான் பக்கத்தில் நிற்கிறவனைத் தள்ள முடியும். அடித்தளத்தில் கரி அள்ளிப் போடுகிறவன் யாரைத் தள்ளுவான்? கரையிலேயே நிறுத்தப்பட்டவன்?

எங்கள் ஊருக்கு மரபில் பஞ்சமில்லை. கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்த சேதி இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே என் ஊரில் இலக்கியம் வாசித்திருக்கிறார்கள்! எம்.ஏ. படிக்கும்போது இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். ஆயா கேட்டாள்: "அப்ப நாம எங்கடி நின்னுகினு கேட்டிருப்போம்?"

இந்தக் கேள்விக்குச் செப்பேட்டில் பதில் இல்லை. பாட்டியல் நூல்களில் இருக்கிறது. வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வணிகருக்கு, வஞ்சிப்பா சூத்திரருக்கு. பாவுக்கே வருணம். எழுத்துக்கும் வருணம் பிரித்திருக்கிறார்கள். கலம்பகம் பாடினால் தேவருக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. வகுப்பில் இதை நடத்திய பேராசிரியர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை, இரண்டு மதிப்பெண் கேள்வி என்று மட்டும் சொன்னார். நான் நோட்டில் 30க்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழே எண்ணிக்கை கிடையாது. பூஜ்யம்கூட எழுதவில்லை, பாடப்படத் தக்கவர் கணக்கிலேயே அவர்கள் இல்லை.

ஆக, மரபான வடிவம் என்பது வெறும் சீரும் தளையும் இல்லை. யார் யாரை எவ்வளவு பாடலாம் என்கிற சட்டம் அது. 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் யாப்பை விட்டவர்களும், எழுபதுகளில் வானம்பாடிகளும் பெரிய கலகம் செய்ததாகத் தமிழிலக்கிய வரலாறு எழுதுகிறது. கலகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீரை உடைத்தவர்களில் எத்தனை பேர் இந்த 100-95-90 பட்டியலை உடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள்?

ருஷ்யாவிலும் இப்படி ஒரு ஏணி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் லொமனோசவ் இலக்கிய நடையை மூன்றாகப் பிரித்தார். உயர்நடை வீர காவியத்துக்கும் அரசரைப் பாடுவதற்கும், நடுநடை நாடகத்துக்கும் மடலுக்கும், தாழ்நடை நகைச்சுவைக்கும் சாதாரணப் பாட்டுக்கும். இந்த லொமனோசவ் யார்? வடகோடியில் மீன் பிடிக்கும் குடியானவரின் மகன். மாஸ்கோவில் குடியானவன் பிள்ளையைச் சேர்க்காத ஒரு கல்விக்கூடத்தில், பிரபு வீட்டுப் பிள்ளை என்று பொய் சொல்லிச் சேர்ந்து படித்தவர். சாதியை மறைத்து நகரத்தில் வீடு பிடிக்கும் எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அப்படி மேலே போனவர்தான் மொழிக்கு ஏணி கட்டினார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எம்.ஏ. முடித்த புதிதில் நானும் வீட்டில் ஆயாவின் பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தவள்தான்.

லொமனோசவின் ஏணியைப் பெரிய அளவில் கலைத்தவர் புஷ்கின் என்பார்கள். பேச்சுமொழி, நாட்டுக்கதை, பிரபுவின் வரவேற்பறைப் பேச்சு எல்லாம் அவரிடம் ஒன்றாக ஓடும். இங்கேதான் பெரியவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இருக்கிறது. அந்த நாட்டுக்கதை புஷ்கினுக்கு எங்கிருந்து வந்தது? 1824 முதல் 1826 வரை மிகைலவ்ஸ்கொயே பண்ணையில் அரசு அவரை ஒதுக்கி வைத்திருந்தபோது, ராத்திரிகளில் கதை சொன்னவர் அவரை வளர்த்த தாதி அரீனா ரதியோனவ்னா. எழுதப் படிக்கத் தெரியாத பண்ணையடிமைப் பெண். புஷ்கின் குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் 1831இல் ஜார் சல்தான் கதை மாதிரியான கவிதைகள் பிறந்தன. புஷ்கின் நன்றியுள்ளவர், தாதியைப் பற்றி அன்பாகவே எழுதியிருக்கிறார். இன்று அரீனாவுக்குச் சிலைகூட இருக்கிறது. 1828இல் செத்த அவரைப் புதைத்த இடம் மட்டும் எது என்று தெரியாமல் போயிற்று.

இலக்கியச் சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதில்லை, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகிறது என்று ஷ்க்லோவ்ஸ்கி சொன்னது பிரபலம். ஓரத்தில் கிடந்த தாழ்ந்த வடிவம் அடுத்த தலைமுறையில் நடுவுக்கு வரும் என்பது அவர் கருத்து. தமிழ்நாட்டில் பிறந்தவளுக்கு இதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் பக்கம் மாமன் மகளைக் கட்டுவதே சொத்து வெளியே போகக் கூடாது என்றுதான். மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனாலும் வீடு அதே வீடு. கதை சொன்ன வேலைக்காரி எந்த முறையில் உறவு?

ருஷ்ய இலக்கியம் எனக்குப் புத்தகமாக வருவதற்கு முன்னால் அப்பாவின் டிரங்குப் பெட்டியாக வந்தது. விவசாயக் கூலிச் சங்கத்தில் இருந்தவர். ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்', அய்த்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', அட்டை கிழிந்த இன்னும் சில. சோவியத் காலத்தில் சல்லிசாக வாங்கினது. அந்தப் புத்தகங்களில் பிரபுவும் கூலிக்காரனும் பெரும்பாலும் ஒரே உரைநடைத் தமிழில்தான் பேசுவார்கள். "ருஷ்யாவுல கூலிக்காரனும் என்னா சுத்தமா பேசறாம்மா" என்று அப்பா நெஜமாகவே ஆச்சரியப்படுவார். லாயத்தில் பள்ளிக்கூடம் வைத்த முதல் ஆசிரியரை அவர் எனக்கு ஐந்தாறு தடவையாவது படித்துக் காட்டியிருப்பார்.

அரீனாவைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் உண்டு. நான் கல்லூரியில் இருந்தபோது ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஆயா ஒப்பாரி பாடுவதில் பேர் போனவள். வீட்டுக்குள்ளே சாவு இல்லாமல் ஒப்பாரி பாடக் கூடாது என்று அவள் மறுத்ததால், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து இரண்டு நாள் பதிவு செய்தார். நான்தான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆய்வு புத்தகமாக வந்தது. ஆயாவின் பாட்டு ஏழு பக்கம். கீழே, பாடியவர்: கூலிப்பெண், வயது 65. அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு கவிஞர் அந்தப் பக்கங்களிலிருந்து உருவகங்களை எடுத்துப் புதுக்கவிதையாக்கினார். மண்வாசனையுள்ள புதுவடிவம் என்று மதிப்புரை எழுதினார்கள். இவர்கள் யாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. புஷ்கின் திருடரா என்ன? ஆனால் ஒரு வடிவம் மேலே ஏறி உட்கார, அதை வைத்திருந்தவள் களை பறிக்கிற இடத்திலேயே நிற்கிறாள் என்றால், அந்தப் புதுமையை நான் எப்படிக் கொண்டாடுவது?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். தராஸ் ஷெவ்சென்கோ, 1814இல் உக்ரைனில் பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838இல் அவரை மீட்டது ஓர் ஓவியம். ப்ரியுல்லோவ் வரைந்த கவிஞர் ழுக்கோவ்ஸ்கியின் படத்தைக் குலுக்கலில் விட்டு, கிடைத்த 2500 ரூபிளைப் பண்ணைக்காரனுக்குக் கட்டினார்கள். ஒரு மனிதனுக்கு விலை 2500. இரண்டே வருஷத்தில், 1840இல், 'கோப்ஸார்' வந்தது. கோப்ஸார் என்றால் ஊர் ஊராகப் பாடிப் போகிற பாணன், பெரும்பாலும் கண் தெரியாதவன். அந்தப் பாணர்களின் சந்தத்தை எடுத்துத் தன் சனத்தின் மொழியிலேயே எழுதினார். பெலின்ஸ்கி மாதிரி முற்போக்கு விமர்சகர்கூட அந்த மொழியைக் கேலி செய்தார். 1847இல் அவரைப் பிடித்துப் படைவீரனாக நாடுகடத்தியபோது, எழுதவும் வரையவும் கூடாது என்று ஜார் தன் கையால் குறிப்பெழுதினான். ருஷ்யக் கவிஞர் பட்டியலில் அவரை அடைப்பதும் சரியில்லை. அந்தப் பேரரசுக்குள் இருந்துகொண்டு அதன் கப்பலில் ஏற மறுத்தவர் அவர். 1861இல் அடிமை ஒழிப்பு அறிவிப்பை ஜனங்களுக்குப் படித்துக் காட்டுவதற்குச் சில நாள் முன்னால் செத்துப்போனார்.

அவர் செய்தது மரபா, புதுசா? பாணனின் சந்தம் பழசு. அடிமையாகப் பிறந்தவன் அதைத் தன் பேரில் அச்சுப்போட்டது புதுசு. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இதையே பார்த்தோம். ஊர்ப் பேச்சில் கதை சொல்வது புதுசா? எங்கள் தெருத் திண்ணை முழுக்க அதுதான். ஆனால் இது நாவலா, தன்வரலாறா, இப்படிக் கொச்சையாக எழுதலாமா என்று கேள்வி கிளம்பியது. கே.ஏ. குணசேகரன் இன்குலாபின் 'மனுசங்கடா'வை மேடையேற்றியபோதும், கேட்டவர்களுக்கு அதன் குரல் புதுசு, எங்களுக்குத் தெரிந்த குரல்.

அப்படியானால் எங்கள் மரபை எடுத்துக்கொள்வதுதான் வழியா? அவ்வளவு லேசாக முடியவில்லை. என் சித்தப்பா பறையடிப்பவர். அடிக்கக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, போகாவிட்டால் வயல் வேலை கிடையாது. ஒருநாள் சாவு வீட்டில் யாரோ எதையோ சொல்ல, வந்து பறையைக் கிணற்றடிக் கல்லில் அடித்து உடைத்துவிட்டு லாரி கிளீனராகப் போனார். இப்போது அவர் மகன் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் பணம் கட்டிப் பறை கற்றுக்கொள்கிறான். பொங்கலுக்கு வந்து வாசித்துக் காட்டினான். சித்தப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். மகனும் அழுதான், அவரும் அழுதார். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால்?

ருஷ்யப் பிரபுக்கள் பண்ணையடிமைகளை வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார்கள். ஷெரெமேத்தெவ் பிரபுவின் அரங்கில் ப்ரஸ்கோவ்யா ழெம்சுகோவா என்கிற பெண் ஐரோப்பிய இசைநாடகங்களைப் பாடி மகாராணி காதரீன்வரை மெச்ச வைத்தார். 1798இல்தான் அவருக்கு விடுதலை. அதுவரை பாடமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. அந்தக் குரலில் இருந்தது கலையா, வெட்டியா? கேட்டவர்களுக்குக் கலை. என் சித்தப்பாவின் பறையும் அப்படித்தான். கையைவிட முடியாத வரைக்கும் அது வேலை. விட்டுப் போகலாம் என்று ஆனபிறகே அது மரபு. சித்தப்பா உடைத்ததால்தான் பையன் அதை விரும்பி எடுக்க முடிந்தது. இதைப் பையனிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டான். சித்தப்பாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

ஆயா போன வருஷம் செத்தாள். அத்தை ஒப்பாரி வைத்தாள். ஆயாவின் மெட்டுத்தான், ஆனால் நடுவில் ஒரு கண்ணி புதுசாக வந்தது. பொட்டி கொண்டுவந்து பாட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் பேரைப் பிடிக்காமல் போனான் என்று பாடினாள். மாரடித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் சட்டென்று சிரித்துவிட்டு, திரும்ப அழுதார்கள். காரியம் முடிந்தபிறகு அதை எழுதிக்கொள்ள நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"பொணம் இல்லாம எப்பிடிடி பாடறது?" என்றாள் அத்தை. கடைசியில் வார்த்தையாகச் சொன்னாள், பாடாமல். எழுதி முடித்து, "மேல ஒம் பேரு போடறேன் அத்தை. பத்திரிகையில வரும்" என்றேன்.

"போடாத."

"ஏன்?"

"பேரு தெரிஞ்சா சாவுக்கு சாவு வந்து நிப்பானுங்க. எனுக்கு இஷ்டம் இருந்தா பாடுவேன், இல்லன்னா மாட்டேன்."

அதனால் இந்தக் கட்டுரையில் அத்தையின் பேர் இல்லை. ஆயாவின் பேரை மட்டுமாவது போடலாமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.