வேடமும் விசுவாசமும்

பிறராக நடிப்பது பொய்யா என்னும் வினா கிறித்தவச் சிந்தனையில் மிகப் பழையது. கார்த்தேஜ் நகரின் சமய எழுத்தாளர் தெர்த்துல்லியன், உண்மையைப் படைத்த இறைவன் போலிக் குரலையும் போலிக் கண்ணீரையும் ஏற்கமாட்டான் என்று வாதிட்டார். பியூரிட்டன்கள், அதாவது திருச்சபையைத் தூய்மைப்படுத்த முனைந்த சீர்திருத்தப் பிரிவினர், செல்வாக்குப் பெற்றிருந்த ஆங்கில நாடாளுமன்றம் 1642-இல் நாடக அரங்குகளை மூடியது. ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகளாகப் பிறந்து, இறுதிவரை விசுவாசத்தில் நிலைத்த நடிகை சிபில் தார்ண்டைக்கின் (1882–1976) கலை வாழ்வு இவ்வினாவுக்குத் தக்க சோதனைக்களமாகும்.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீசின் மீடியாவாக மேடையில் தன் பிள்ளைகளைக் கொன்ற அவர், 1920 முதல் 1922 வரை லண்டனில் 'கிராண்ட் கின்யோல்' எனப்பட்ட கொடூரக் குறுநாடகங்களிலும் தோன்றினார். ஷெல்லியின் 'சென்சி' நாடகத்தில், தந்தையைக் கொல்லத் திட்டமிட்டு விசாரணைக்கு நிற்கும் பெண்ணாக அவரைக் கண்ட பின்னரே, பிரெஞ்சு வீராங்கனை ஜோனைப் பற்றிய தம் நாடகத்துக்கு உரியவர் இவரே என நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா முடிவு செய்தார். 1920-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஜோனை, 1924-இல் லண்டன் மேடையில் தார்ண்டைக் வாழச் செய்தார்.

சிறந்த நடிகர் எதையும் உணராமலே நடிக்கிறார் என்பது பிரெஞ்சுத் தத்துவவாதி தித்ரோவின் கொள்கை. அது சரியெனில் புனிதரின் வேடம் வெறும் கூடு. நடிகர் பாத்திரமாகவே மாறிவிடுகிறார் எனில் கொலையாளியின் வேடம் ஆன்மாவைக் கறைப்படுத்தும். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாம் நிலை ஒன்று உண்டு: தன் நம்பிக்கையை இழக்காமல், பிறர் நெஞ்சின் நியாயத்தை அவர் நின்ற இடத்திலேயே நின்று அறிதல். போரை முற்றாக மறுக்கும் அமைதிவாதியான தார்ண்டைக், வாளேந்திய ஜோனின் உறுதியைச் சிறிதும் குறைக்காமல் நடித்தார். நடித்தபின்னும் அமைதிவாதியாகவே இருந்தார்.

இம்மூன்றாம் நிலை இறையியலின் ஒரு கருத்தை நினைவூட்டுகிறது. கிறித்து தம்மையே வெறுமையாக்கினார் எனப் பவுல் கூறுவதை இறையியலாளர் 'கெனோசிஸ்', அதாவது தன்னை வெறுமையாக்கிக்கொள்ளுதல், என்பர். நடிப்பு அதற்கு நிகராகிவிடாது. ஏனெனில் நடிகரின் துறவு திரை விழும்வரையே நீடிக்கிறது, அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. ஆயினும் பொய் என்பது கேட்பவரை ஏமாற்றும் நோக்கமுடையது. அரங்கிலோ ஏமாற்றப்படுபவர் எவருமில்லை. எனவே தெர்த்துல்லியனின் குற்றச்சாட்டு நடிப்பைவிட, தன்னைப் புனிதராகக் காட்டிக்கொண்டு மேடைக்கு வெளியே வேடமிடுபவருக்கே முழுமையாகப் பொருந்தும்.