கீறாத காய்

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பழக்காரர் எனக்குப் பழம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாலு நாளாக அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

திண்டிவனம் சாலையில் ஒரு புளியமரத்தடி. மாசி பிறந்ததும் அங்கே தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று எழும்பிவிடும். கீழே வைக்கோல் பரப்பி, அதன்மேல் தர்பூசணியைக் குவித்திருப்பார். பதினைந்து கோடைக்கு மேலாக நான் அவரிடம்தான் வாங்குகிறேன். அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். "நல்லதா ரெண்டு காய் எடுங்க தம்பி" என்றேன். அவர் குவியல் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னிக்கு வேணாம் டீச்சர். வெள்ளிக்கிழமை வாங்க. மரக்காணம் பக்கத்துலேர்ந்து வேற லோடு வருது."

"ஏன், இதுக்கு என்ன?"

ஒரு காயைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். மண்ணில் படுத்திருந்த இடம் வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் பூத்திருந்தது. அந்த இடம் வெளுத்திருந்தால் காய் முத்தவில்லை என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். காம்போடு ஒட்டியிருந்த பற்றுக்கம்பியும் நூலாகக் காய்ந்திருந்தது. கையில் வாங்கினால் நல்ல கனம். தட்டினால் மத்தளத்தின் இடப்பக்கம் மாதிரி அடங்கிய சத்தம். நான் அறிந்த அடையாளம் அத்தனையும் சரியாக இருந்தது.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா அறுக்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சிட்டாங்க. எடை நிக்கும், இனிப்பு நிக்காது. ஜூஸ் கடைக்காரங்ககிட்ட விஷயத்தைச் சொல்லி, விலையைக் குறைச்சுத் தள்ளிவிட்டுடுவேன். அவங்க சர்க்கரை போட்டுக்குவாங்க. பிள்ளைங்களுக்கு இது வேணாம்."

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். ஆனால் மனது நிறைந்திருந்தது. மாங்காயை வைக்கோலில் வைத்தால் பழுக்கும், வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டாலும் பழுக்கும். தர்பூசணி அப்படி இல்லை. கொடியிலிருந்து அறுத்த அன்று என்ன இனிப்போ, அதுதான் கடைசிவரைக்கும். அந்தக் கொல்லையில் கடைசி வாரம் என்ன நடந்தது என்பது தோலில் எழுதியிருக்காது. நேரில் போய்ப் பார்த்தவர் வாய்விட்டுச் சொன்னால்தான் நமக்குத் தெரியும். சொன்னால் அவருக்கு நஷ்டம். இருந்தும் சொன்னார்.

அதனால்தான் 2025 கோடை நினைவுக்கு வந்தது. தர்பூசணியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு காணொளி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்ததே, உங்களுக்கும் வந்திருக்கும். விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு என்று எங்கும் விலை படுத்துவிட்டது. அறுக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் காயைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். விளக்கமெல்லாம் பிறகு வந்தது. காயோ அதுவரை காத்திருக்கவில்லை.

நானும் போகவில்லை. இரண்டு வாரம் அந்தப் பந்தலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினைந்து வருஷம் என் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழம் தேர்ந்து கொடுத்தவர் அவர். முகம் தெரியாத யாரோ அனுப்பிய ஒன்றரை நிமிஷப் படத்தை நம்பி அவரைச் சந்தேகப்பட்டேன். ஒரு வார்த்தை நேரில் கேட்டிருக்கலாம்.

மூன்றாம் வாரம்தான் போய் நின்றேன். குவியலைக் கோணியால் மூடியிருந்தார். ஓரத்தில் ஒரு பசு, உடைத்துப் போட்ட காயைத் தின்றுகொண்டிருந்தது. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. நான் தயங்குவதைப் பார்த்து, ஒரு கோணி ஊசியை எடுத்து, ஒரு காயில் ஒரே ஒரு குத்து குத்தி, சாக்பீஸால் வட்டம் போட்டு ஓரமாக வைத்தார். "மூணு நாள் கழிச்சு வந்து பாருங்க டீச்சர்" என்றார். மூன்றாம் நாள் அந்த வட்டத்திலிருந்து நுரையாகத் தண்ணீர் கசிந்து வழிந்தது. புளிச்ச வாடை. ஈ மொய்த்தது. "ஊசி போட்ட காயை லாரியில ஏத்தி, இறக்கி, வெயில்ல குவிச்சு விக்க முடியுமா, சொல்லுங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தக்காளியைச் சிவக்க வைக்கிற அதே லைக்கோபீன்தான் தர்பூசணியையும் சிவக்க வைக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். படித்ததும் உதவவில்லை, பழகியதும் உதவவில்லை. பயம் ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது.

கலப்படமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணைத் திறந்து வைத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் நம்மில் பலர் இன்றைக்கு ஒரு கடை, நாளைக்கு ஒரு கடை, எங்கே கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவோ அங்கே என்று அலைகிறோம். அப்படி அலைகிறவருக்கு உண்மையைச் சொல்ல யாருக்குத் தோன்றும்? திரும்ப வரமாட்டார் என்று தெரிந்தவருக்குத் தண்ணிக் காயைத் தள்ளிவிடுவது சுலபம். வாடிக்கை என்று நம் பெரியவர்கள் சொன்னதில் விலைப்பேச்சு மட்டும் இல்லை. கொடுக்கிறவருக்கு வாங்குகிறவர் முகம் தெரியும், வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பது தெரியும். அந்தப் பழக்கத்தைக் கட்டிக் காக்க வருஷக்கணக்காகும். அது கடைக்காரர் ஒருவருடைய பொறுப்பு மட்டும் இல்லை. நாமும் தவறாமல் போக வேண்டும், சந்தேகம் வந்தால் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். வீடு தேடி வருகிற ஒவ்வொரு வதந்தியையும் பத்துப் பேருக்கு அனுப்புகிற கை, அதற்கு முன் ஒரு தடவை கடைவரை நடந்து போய் விசாரித்தால் என்ன?

நேற்று வெள்ளிக்கிழமை. புது லோடு இறங்கியிருந்தது. அவரே நாலைந்து காயைப் புரட்டிப் பார்த்து இரண்டை எடுத்து வைத்தார். வழக்கம்போலக் கத்தியைக் கையில் எடுத்தார். சதுரமாக ஒரு துண்டு கீறி, சிவப்பைக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகித் தருவது அவர் பழக்கம்.

"கீற வேணாம் தம்பி, அப்படியே குடுங்க" என்றேன்.

கத்தியை வைக்கோலில் துடைத்து வைத்துவிட்டு, இரண்டு காயையும் பையில் இறக்கிக் கொடுத்தார்.