எலும்பு சொல்லும் சாட்சி

உண்மை பேசுதல் வாயின் செயலா, நெஞ்சின் செயலா என்று ஆசிரியப் பயிற்சி மாணவியரிடம் வினவுவது என் வழக்கம். பெரும்பாலோர் நெஞ்சின் செயல் என்றே விடை பகர்வர். அவ்விடைக்கு நானும் முழு மதிப்பெண் வழங்கியிருக்கிறேன். எழுபத்து நான்காம் அகவையில் வலது முழங்கால் மூட்டினை மாற்றிக்கொண்டு படுத்திருந்தபோதுதான், எலும்பும் உண்மை பேசும் காலம் வந்துவிட்டது என்று அறிந்தேன்.

அமெரிக்காவில் ஜிம்மர் பயோமெட், கேனரி மெடிக்கல் என்னும் இரு நிறுவனங்கள் இணைந்து ‘பெர்சோனா ஐக்யூ’ என்னும் செயற்கை முழங்காலை உருவாக்கியுள்ளன. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2021 ஆகஸ்டில் அதற்கு ஒப்புதல் அளித்தது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பினுள் இறங்கும் தண்டுப் பகுதியில், அசைவை உணரும் நுண்கருவியும் மின்கலமும் செய்தி அனுப்பும் அமைப்பும் அடங்கியுள்ளன. அதனை உடையவர் எத்தனை அடி நடந்தார், எவ்வளவு விரைவில் நடந்தார், அடிக்கு அடி எவ்வளவு தொலைவு வைத்தார், மூட்டு எந்த அளவு மடங்கிற்று என்பனவெல்லாம் குறிக்கப்படும். அவர் இரவில் உறங்குங்கால், வீட்டில் வைத்துள்ள ஒரு சிறு பெட்டி அக்குறிப்புகளை வாங்கி இணையத்தின் வழியே அனுப்பிவிடும். மருத்துவர் தம் இடத்தில் இருந்தவாறே அவற்றைப் பார்க்கலாம்.

செயற்கை மூட்டினுள் கருவி வைத்துப் பார்ப்பது முற்றிலும் புதிதன்று. ஸ்வீடன் நாட்டு ரைடெல் என்பார் இடுப்பு மூட்டின்மேல் விழும் பாரத்தை இவ்வாறு அளந்து 1966-இல் வெளியிட்டார். பின்னர் பெர்லின் நகரில் பெர்க்மன் குழுவினர் அதனை விரிவாகச் செய்தனர். இயல்பாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பாரத்தை இடுப்பு மூட்டு தாங்குகிறதென்றும், ஒருவர் எதிர்பாராமல் இடறியபோது அது எட்டு மடங்கையும் கடந்ததென்றும் அவர்கள் கண்டனர். (படிக்கட்டில் பார்த்து நடங்கள் என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?) அம்முயற்சியில் உடன்பட்டோர் மிகச் சிலரே. அறிவு வளர்வதற்காகத் தம் உடலைத் தந்தவர்கள் அவர்கள். அங்கே ஆராயப்பட்டது மூட்டு. இன்றைய கருவியிலோ, ஆராயப்படுவது மூட்டா, அம்மூட்டினை உடைய மனிதரா என்னும் ஐயம் எனக்கு எழுகிறது.

அந்த ஐயம் எழுந்ததற்குக் காரணம் என் குற்றமே. எனக்குப் பொருத்தப்பட்டது சாதாரண மூட்டு. அது வாய் திறவாது. அதனால், இல்லத்திற்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிப் பெண் என்னிடம் ஓர் ஏட்டைக் கொடுத்திருந்தாள். குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குதல், தொடைத்தசையை இறுக்கி விடுதல், காலை நேராக உயர்த்துதல் ஆகியவற்றைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் செய்து, கட்டத்தில் குறியிட வேண்டும். காலையும் மாலையும் செய்தேன். நண்பகலில் செய்யவில்லை. ஆயினும் குறியிட்டேன். ஒரு நாளல்ல, ஐந்து வாரங்கள்.

முப்பதாண்டுகளுக்கு மேல் பிறருடைய பாடக்குறிப்பேடுகளைத் திருத்தியவள் நான். ஆய்வுக்கு முதல் நாள் இரவு ஒரே மையில் ஒரு மாதக் குறிப்புகளையும் எழுதிக்கொண்டு வரும் மாணவியை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன், கடிந்தும் இருக்கிறேன். அதே செயலை நான் செய்தபோது, ‘இஃது என் கால்தானே, எவருக்கு என்ன இழப்பு’ என்று என் நெஞ்சுக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன். அவ்விளக்கம் பொருந்தாது. முதல் சில வாரங்களில் நன்கு மடக்கிப் பழகாத மூட்டு இறுகிவிடும். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து வலிந்து மடக்க நேரிடும். என் ஏட்டை நம்பிய அப்பெண், மூட்டு மடங்காமைக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தாள். பொய்க்குறி ஒருவருடைய அறிவைத் தவறான வழியில் செலுத்திற்று.

பேசும் மூட்டு எனக்கு இருந்திருந்தால் இது நடந்திராது. நண்பகலிலும் பயிற்சி செய்திருப்பேன். ஆனால் அதனை வாய்மை என்று கூறலாமா? பொய் சொல்ல வாய்ப்பில்லாதவர் பொய் சொல்லாதிருப்பது நோன்பாகுமா? ஆகாது என்றே விடை தோன்றுகிறது. எனினும் அவ்விடையோடு நின்றுவிட என் தொழில் இடந்தரவில்லை. ஆய்வாளர் வருவார் என்னும் அச்சத்தால் பாடம் நடத்திய ஆசிரியரிடமும் குழந்தைகள் எழுத்தறிந்தார்கள். அச்சத்தால் மடக்கினாலும் மூட்டு மடங்கவே செய்யும். உள்ளத்திற்கு நன்மையில்லை என்பதற்காகக் காலுக்கு வரும் நன்மையைத் தள்ளுவது பெரியோர் செயலன்று.

ஆனால் அந்நன்மையை எவ்வளவு உறுதியாகக் கூறலாம்? ஒப்புதல் அளித்த அந்நிர்வாகமே, இக்கருவி தரும் குறிப்புகள் மருத்துவ முடிவு எடுப்பதற்குத் துணையாகக் கருதப்பட்டவையல்ல என்றும், அவற்றால் மருத்துவப் பயன் உண்டென மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் உரிமக் குறிப்பிலேயே எழுதியது. இதனை நான் இருமுறை படித்தேன். 2018-இல் அதே நிறுவனம் ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கொண்டு நோயாளியைத் தொடரும் முறையை அறிவித்தபோது, வேண்டாதவர் அதனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடலாம். எலும்பினுள் இறங்கிய தண்டினை எங்கே கழற்றி வைப்பது? அறுவைக்கு முன், வலியின் துன்பத்தில் இருப்பவர் எதற்கும் கையெழுத்திடுவார். நானும் படிக்காமல்தான் இட்டேன். ஆகவே கேட்போருக்குப் பொறுப்பு மிகுதி. குறிப்புகள் எவரிடம் செல்லும், எத்தனை ஆண்டு இருக்கும், காப்பீட்டு நிறுவனம் கேட்டால் தரப்படுமா என்பவற்றைத் துன்பம் மிகுவதற்கு முன்னரே அமர்ந்து விளக்குதல் வேண்டும்.

இதனை ‘அறிவுள்ள மூட்டு’ என்று அழைக்கின்றனர். அறிதலும் காண்டலும் உயிரின் இயல்பு, புத்கலத்திற்கு அவை இல்லை என்று சிறுவயதிலேயே கற்ற நமக்கு அப்பெயர் சிறிது நகைப்பைத் தரும். அது எண்ணும், அறியாது. செவ்வாயன்று இரண்டாயிரம் அடி, புதனன்று நானூறு அடி என்று சொல்லும். புதனன்று மழை பெய்ததா, மூட்டு வீங்கியதா, அன்று அவர் கணவரின் நினைவு நாளா என்பது அதற்குத் தெரியாது. வலியை அளக்கும் கருவி அதனுள் இல்லை.

ஆறாம் வாரத்தில் ஏட்டை அப்பெண்ணிடம் நீட்டி, நண்பகல் குறிகள் யாவும் பொய் என்று கூறினேன். என் பேத்தியினும் இளையவள், தலைகுனிந்துதான் கூறினேன். அவள் சினக்கவில்லை. “அம்மா, நண்பகலில் மட்டும் ஏன் முடியவில்லை?” என்று கேட்டாள். அதுவரை அவ்வினாவை நானே என்னிடம் கேட்டதில்லை. சிறிது நேரம் எண்ணிப் பார்த்துச் சொன்னேன்: பத்து மணிக்கு மேல் வீட்டில் ஒருவரும் இல்லை, மடக்கியபின் வலி மிகுந்து எழ இயலாது போனால் கூப்பிட யாருமில்லையே என்னும் அச்சம். நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் பூப்பறிக்க வருவாள் என்பதையும் சொன்னேன்.

அவள் ஏட்டில் ‘நண்பகல்’ என்பதை அடித்துவிட்டு, ‘நான்கு மணி’ என்று எழுதினாள். முந்தைய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். அவ்வேடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.