காற்றும் உயிரே

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலச் சாரலை நாடி நாம் குடும்பத்துடன் செல்கிறோம். பொதிகைக் காற்றுக்காகச் சென்ற நாமே, அருவிக்கருகில் வண்டியை நிறுத்தி, குளிர்சாதனத்திற்காக இயந்திரத்தை அணைக்காமல் அமர்ந்திருக்கிறோம். இது குற்றமாகுமா?

முதலில் சட்டத்தைக் கேட்போம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2019 சனவரியில் நடுவண் அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. நகரக் காற்றிலுள்ள நுண்துகள்களை, 2017 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2024க்குள் 20 முதல் 30 விழுக்காடு குறைப்பது அதன் முதல் இலக்கு. தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அதில் இடம்பெற்றன, குற்றாலம் இடம்பெறவில்லை. மாசு அளவு மீறிய இடத்திலேயே அரசு முனைகிறது. அது அரசின் குறையன்று. சட்டத்திற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அறமோ அளவு மீறும்வரை காத்திருப்பதில்லை. மண், நீர், தீ, தாவரம் போலக் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது நம் ஆகமம். இல்லறத்தார் அவ்வுயிர்களுக்குத் தீங்கு நேராமல் முற்றிலும் வாழ இயலாது. ஆதலின், பயனற்ற தீங்கையேனும் விலக்குக என அநர்த்த தண்ட விரதம் விதிக்கப்பட்டது. தீயையும் காற்றையும் வீணே துன்புறுத்துவதைப் பிரமாத சரியை என்றனர் ஆசாரியர்.

பயணத்திற்குப் பயன் கூறலாம். சாரல் வீசும்போது நின்ற வண்டி கக்கும் புகைக்கு என்ன பயன் கூறுவோம்? ‘சிறிது புகைதானே, மலைக்காற்றில் கலைந்துவிடும்’ என்பர் சிலர். புகை கலையலாம், அசட்டையால் கட்டிய வினை கலையாது. வண்டி நின்றவுடன் இயந்திரத்தை அணைப்போமாக. அதுவும் விரதமே.