இசைவும் இடரும்

இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியவில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தயங்கள் மண்பாதையில் நிகழ்வதுண்டு. மழை பெய்துவிட்டால் களிமண் சில்லுகளில் அப்பிப் பிடிப்பு அற்றுப்போகும். முன்செல்பவனின் பின்சில்லு வாரியெறியும் சேறு பின்வருபவனின் கண்ணாடியை மறைக்கும். இவ்விடரை வீரன் அறிந்தே ஏற்கின்றான். அவன் துணிவு போற்றப்படுவதும் அதனாலேயே.

இசையாதவர் நிலை யாது? 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ‘ஃபொக்ஸ் ஹில்’ பந்தயத்தில் கார் ஒன்று பாதை விலகிப் பாய்ந்ததில் எழுவர் மாண்டனர். அவருள் ஒருத்தி சிறுமி. பார்க்க வந்தமையை இடருக்கு இசைந்தமையாகக் கொள்ளுதல் தகாது. பந்தய விதியும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. ஒருவன் வீழ்ந்த இடத்தில் மஞ்சட்கொடி அசைந்தால் ஏனையோர் வேகந்தணிக்க வேண்டும், முந்தலாகாது. வெல்வதற்கென்றே கூடிய களத்தில் வெல்லும் விருப்பை நிறுத்திவைக்கச் சொல்லும் விதி அது!

இனி, எம்பிலிப்பிட்டிய செல்லும் வழியிலுள்ள கஹவத்தையை நோக்குவோம். அங்கும் மழைநாளில் தேயிலைச் சரிவுகள் வழுக்கும். கொழுந்துச் சுமையோடு இறங்கும் பெண்ணும் இடரை அறிந்தவளே. எவரும் அவளை வற்புறுத்தவில்லை என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் இசைவின் புறத்தோற்றத்தை மட்டுமே காண்கின்றது. வானம் இருண்டால் வீரன் பந்தயத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அவள் மலைக்குப் போகாதுவிட்டாலோ அன்றைய பேர் விழாது.